எமகண்டத்தில் எழுந்த வண்டி

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் அம்மாவுக்கு வாய், எனக்குக் கோபம், மிச்சமிருந்த பொறுமை முழுவதும் அப்பாவுக்கு. அதை வைத்துக்கொண்டுதான் அவர் எங்கள் இரண்டு பேரையும் எருமைகளையும் மேய்த்தார்.

மல்லசமுத்திரத்துக்கு வெளியே, மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் தோட்டம். ரோட்டுக்கு வந்து நின்றால் இந்தப் பக்கம் வரும் பஸ் திருச்செங்கோட்டுக்குப் போகும், எதிர்ப்பக்கம் வருவது சேலத்துக்கு. நாலு வருஷம் என் வாழ்க்கை அந்த ரோட்டின் இரண்டு ஓரங்களில்தான் நடந்தது. திங்கள் முதல் வியாழன் வரை திருச்செங்கோட்டுப் பக்கம் போர்வெல் வண்டி கட்டும் ஒரு கம்பெனியில் பயிற்சி. வெள்ளியும் சனியும் சேலத்தில், அஸ்தம்பட்டி தாண்டி, ஒரு பொறியியல் கல்லூரி. கம்பெனியும் கல்லூரியும் கை கோத்துக்கொண்டு நடத்திய படிப்பு அது. ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை என்று நினைத்துவிடாதீர்கள். எண்ணெய் ஏறிய யூனிஃபார்மைத் துவைத்துப் பாருங்கள், தெரியும்.

சொந்தக்காரர்கள் எல்லோரும் என்னவோ லாட்டரி விழுந்தது மாதிரி பேசினார்கள். படித்துக்கொண்டே வேலை கற்றுக்கொள்ளலாம், வேறென்ன வேண்டும் என்றார்கள். அவர்களில் ஒருவரையாவது ஒரே ஒரு வாரம் என் இடத்தில் நிற்க வைக்க வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை இருந்தது. கம்பெனியில் நான் பாதி நாள் வராத பொண்ணு. கல்லூரியில் நான் எப்போதும் தூங்கி வழியும் பொண்ணு. ஒரு வெள்ளிக்கிழமை நல்ல சுடிதார் போட்டு, பூ வைத்து, கணக்குப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, நேராகக் கம்பெனி கேட்டில் போய் இறங்கினேன். காவலுக்கு இருந்த அண்ணன் எழுந்து நின்று கும்பிட்டார். யாரோ ஆய்வுக்கு வந்திருக்கிற மேடம் என்று நினைத்தாராம். இன்னொரு நாள் கல்லூரி வாசலில் கம்பெனி அட்டையை எடுத்துச் சுவரில் தேய்த்துக்கொண்டு நின்றேன், பீப் சத்தம் வரவில்லையே என்று.

கையை என்ன செய்தாலும் சுத்தமாகாது. பாத்திரம் துலக்கும் பவுடர், எலுமிச்சம்பழத் தோல், அம்மா துணிக்குப் போடும் சவுக்காரம் எல்லாம் போட்டுத் தேய்ப்பேன். நகக்கண்ணில் கருப்பு அப்படியே இருக்கும். கல்லூரியில் என் பக்கத்தில் உட்காருகிறவள் எடப்பாடிப் பெண், தறி ஓட்டுகிற வீடு. முதல் நாள் என்னிடமிருந்து வந்த வாசனையை முகர்ந்துவிட்டு, "எங்க வீட்லயும் மெசினுக்கு எண்ணெ விடுவோம், இவ்ளோ விடமாட்டோம்" என்றாள். அன்றிலிருந்து சிநேகிதிகள். நான் தூங்கினால் என் நோட்டிலும் சேர்த்து அவளே எழுதிவிடுவாள்.

கம்பெனி வேலை எனக்குப் பிடித்திருந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமே கிடையாது. போர் வண்டி என்பது பூமியில் குழாய்க்கிணறு துளைக்கிற லாரி. அதன் முதுகில் ஒரு நெடிய இரும்புச் சட்டம் படுத்தபடி வரும், அதை மாஸ்ட் என்போம். கிணறு போட வேண்டிய இடத்தில் வண்டியை நிறுத்தி, நான்கு பக்கமும் இரும்புக் கால்களை ஊன்றி, லீவரை இழுத்தால் எண்ணெயின் அழுத்தத்தில் மாஸ்ட் மெல்ல எழுந்து நேராக நிற்கும். அந்த லீவர்களும், எண்ணெய் போகும் ஹோஸ் குழாய்களும் என் பகுதி. முதல் வருஷம் ஹோஸ்களைத் துடைக்க விட்டார்கள். அடுத்த வருஷம் முடுக்க விட்டார்கள். மூன்றாம் வருஷக் கடைசியில் ஒரு வண்டியின் மொத்த லீவர் வரிசையையும் என்னிடம் கொடுத்து, நீயே கட்டு என்றார் எங்கள் சூப்பர்வைசர் அண்ணன். கட்டினேன். அழுத்தம் ஏற்றிச் சோதித்தபோது ஒரு மூட்டிலும் ஒரு சொட்டுக் கசியவில்லை. அன்று ராத்திரிச் சோற்றைக்கூட நான் சிரித்துக்கொண்டே தின்றதாக அம்மா சொன்னார்.

கணக்குதான் காலை வாரியது. மூன்றாவது கணக்குத் தாள். இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் போனது. வேலையைக் கையால் தெரிந்தவர்களுக்குக் கணக்கு சுலபமாக வரும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. அதைச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் என் எதிரில் வந்து சொல்லட்டும். ஸ்பேனர் பிடித்த கைக்கு ஸ்பேனர்தான் வரும். காலையில் பஸ்ஸில் புத்தகத்தை விரிப்பேன். ஆட்டையாம்பட்டியில் முறுக்கு வாசனை வரும்வரை ஒரு கணக்கு ஓடும், அதற்கப்புறம் எனக்குக் கண் சொக்கிவிடும். கண்டக்டருக்கே பழகிப்போய், புத்தகம் கீழே விழுந்தால் எடுத்து மடியில் வைத்துவிட்டுப் போவார்.

படிப்பின் விதி ஒன்று இருந்தது. ஒரு தாள் மூன்றாம் முறையும் போனால் கல்லூரியில் பெயரை எடுத்துவிடுவார்கள். கல்லூரியில் பெயர் போனால் கம்பெனிப் பயிற்சியும் அதோடு சரி. அதாவது அந்தக் கணக்குத் தாளில் தவறினால் என் ஸ்பேனரும் போய்விடும். பயத்தில் எனக்குக் கோபம் இரட்டிப்பாக வந்தது. தட்டை வைத்தால் சத்தம், கதவைச் சாத்தினால் சத்தம்.

அந்தச் சமயத்தில்தான் நான் கட்டிய வண்டி தயாரானது. எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. புது வண்டியை வாங்கியவரிடம் ஒப்படைக்கும் முன்னால், தெரிந்தவர் யாராவது ஒருவருடைய தோட்டத்தில் ஒரு போர் போட்டு ஓட்டிப் பார்ப்பார்கள். பூசை போட்டு, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து, மாஸ்ட்டை முதல் முறை தூக்கும்போது லீவரை யார் கட்டினார்களோ அவர்கள்தான் இழுக்க வேண்டும். எவ்வளவு பெரிய ஆள் வந்து நின்றாலும் அந்த முதல் இழுப்பு கட்டியவருக்குத்தான். எங்கள் தோட்டத்துக் கிணறு அந்தக் கோடையில் அடிப்பாறை தெரிய வற்றிக் கிடந்தது. எருமைகளுக்கே டிராக்டரில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. சூப்பர்வைசர் அண்ணன் அதைக் கேள்விப்பட்டு முதலாளியிடம் சொல்லி, இந்த வண்டியின் முதல் போர் எங்கள் தோட்டத்தில் என்று முடிவு செய்துவிட்டார். நான் கட்டிய வண்டி, என் அப்பாவின் பூமி. எனக்குத் தலைகால் புரியவில்லை.

முதலாளி பஞ்சாங்கம் பார்த்து நாள் குறித்தார். வெள்ளிக்கிழமை, காலையில் ராகு காலத்துக்கு முன்னால் நல்ல நேரம். மறுநாளே கல்லூரியிலிருந்து தேர்வு அட்டவணை வந்தது. கணக்குத் தாள், அதே வெள்ளிக்கிழமை, அதே காலை.

நாளை மாற்றச் சொல்லலாமா என்று சூப்பர்வைசர் அண்ணனிடம் கேட்டேன். வண்டி வாங்கியவர் வடக்கே கொண்டுபோகக் காத்திருக்கிறார், முதலாளி குறித்த நாளை மாற்ற மாட்டார் என்றார். அவர் முகத்தைப் பார்த்தால் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறார் என்று தெரிந்தது. அதனால் அவர்மேல் கோபப்படக்கூட முடியவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் அப்பா பால் கறந்துகொண்டிருந்தபோது கொட்டகைக்குப் போய்ச் சொன்னேன். நான் நாளைக்குப் பரீட்சைக்குப் போகப் போவதில்லை. போனாலும் தேறப் போவதில்லை. எப்படியும் எல்லாம் போகிறதென்றால், நான் கட்டிய வண்டி நிற்பதையாவது என் கண்ணால் பார்த்துவிட்டுப் போகிறேன். இதையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னேன். அழுதுகொண்டும் இருந்தேன் என்று நினைக்கிறேன். அப்பா கறப்பதை நிறுத்தவில்லை.

"நீ போயி எழுது அம்மிணி," என்றார் கடைசியில். "நீ வராம அந்த வண்டி எந்திரிக்காது."

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. "அது என்ன உங்க எருமைன்னு நெனச்சுட்டீங்களாப்பா? நீங்க சொன்னா படுத்துக் கெடக்கறதுக்கு?" என்றேன்.

அப்பா சிரித்துவிட்டார். எருமையின் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, செம்பை எடுத்துக்கொண்டு எழுந்தார். "போயிட்டு வா சாமி," என்றார், நான் அப்போதே கிளம்பிவிட்டது போல.

இங்கே அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் நல்ல நேரம், கெட்ட நேரம் எதுவும் பார்க்காதவர். எங்கள் ஊரில் அது பெரிய விஷயம். விதைக்க, அறுக்க, மாடு பிடிக்க, ஊருக்குக் கிளம்ப எல்லாவற்றுக்கும் நேரம் பார்ப்பார்கள். அப்பா ராகு காலத்தில் மரவள்ளி நட்டவர். ஏன் என்று கேட்டால், எனக்கு அப்போதுதான் ஆள் கிடைத்தார்கள் என்பார். நாள்காட்டியில் தாளைக் கிழிப்பதோடு அவர் ஜோசியம் முடிந்தது.

வெள்ளிக்கிழமை காலை நான் எதிர்ப்பக்கத்து பஸ்ஸில் ஏறினேன். ஏன் ஏறினேன் என்று கேட்டால் எனக்கே சரியாகத் தெரியாது. அம்மா இட்லியைக் கட்டிக் கையில் கொடுத்துவிட்டார், அப்பா ரோடு வரை வந்து நின்றார், பஸ் வந்தது, ஏறிவிட்டேன். போகிற வழியில், பதிவு வேலைக்காக முந்தின நாளே சேலம் போயிருந்த எங்கள் வண்டி எதிரில் வந்தது. முன்னால் வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, முதுகில் மாஸ்ட்டைப் படுக்கப் போட்டுக்கொண்டு எங்கள் ஊரைப் பார்த்துப் போனது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். என்னுடைய ஹோஸ்கள் வரிசையாகத் தெரிந்தன.

தேர்வில் போர் வண்டியைப் பற்றி ஒரு கேள்வி வந்தது, நான் வெளுத்து வாங்கினேன் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். அப்படி எதுவும் வரவில்லை. எப்போதும் வருகிற அதே முகம் தெரியாத கணக்குகள்தான். எடப்பாடிக்காரி சொல்லிக்கொடுத்ததை நினைத்து நினைத்துத் தெரிந்ததை எழுதினேன். பாதி நேரத்தில் தெரிந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது. பேப்பரைக் கொடுத்துவிட்டு வெளியே போகலாம், அதற்கான மணி அடித்துவிட்டது. இரண்டு பேர் எழுந்து போனார்கள். எனக்கும் கால் துடித்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். நல்ல நேரம் முடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது. பூசை முடிந்திருக்கும். வேறு யாரோ என் லீவரை இழுத்திருப்பார்கள். மாஸ்ட் எழுந்து நின்று, இந்நேரம் துளைக்கும் கம்பி பூமியில் இறங்கிக்கொண்டிருக்கும். இனி ஓடிப்போய் என்ன ஆகப்போகிறது?

போக இடம் இல்லாததால் உட்கார்ந்திருந்தேன். அதுதான் உண்மை. சும்மா உட்கார முடியாமல், பார்த்ததுமே தள்ளி வைத்திருந்த ஒரு பெரிய கணக்கை எடுத்தேன். ஒரு பக்கம் போட்டு, தப்பென்று கோடு அடித்தேன். மறுபடி போட்டேன். இரண்டாவது தடவையும் எங்கோ சிக்கியது. யார் மேலோ இருந்த கோபத்தையெல்லாம் அதன்மேல் காட்டி, மூன்றாவது தடவை வரி வரியாக இறங்கினேன். கடைசி மணிக்கு முன்னால் விடை வந்துவிட்டது. அந்தக் கணக்கு இல்லையென்றால் நான் தேறியிருக்க மாட்டேன் என்பது பிறகு மார்க் வந்தபோது தெரிந்தது. அவ்வளவு மயிரிழை.

அப்போது அதெல்லாம் தெரியாதே. புது பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறி அப்பாவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. அம்மாவும் எடுக்கவில்லை. சரி, தண்ணீர் வந்த சந்தோஷத்தில் இருப்பார்கள், நம் நினைப்பு எங்கே வரப்போகிறது என்று நினைத்ததும் அழ ஆரம்பித்துவிட்டேன். ஆட்டையாம்பட்டியில் ஏறிய ஒரு அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்த்தார், பையைத் திறந்து ஒரு முறுக்கை எடுத்து நீட்டினார். அழுதுகொண்டே முறுக்குத் தின்பது கஷ்டமான வேலை. ஆனாலும் முழுசையும் தின்றேன்.

மல்லசமுத்திரத்தில் இறங்கினால் அம்மா மொபெட்டோடு நிற்கிறார். நான் ஏறி உட்காருவதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"உங்கப்பனுக்குப் புத்தி பெசகிப் போச்சு. காத்தால இருந்து ஒரே நல்ல நேரம், கெட்ட நேரம். ஊரே சிரிக்குது."

என்ன என்று புரியாமல் கேட்டுக்கொண்டே வந்தேன். வழி முழுக்க அம்மா சொன்னதையும், பிறகு சூப்பர்வைசர் அண்ணன் சொன்னதையும் சேர்த்துச் சொல்கிறேன். வண்டி சரியான நேரத்துக்குத் தோட்டத்துக்கு வந்துவிட்டது. பூசாரிதான் வரவில்லை. போன் போட்டுக் கேட்டால், ராகு காலம் முடிந்து வந்தால் போதுமென்று உங்கள் வீட்டுக்காரர்தான் நேற்றே வந்து சொல்லிவிட்டுப் போனார் என்றாராம். அதற்குள் ராகு காலம் பிடித்துவிட்டது. பூசாரி வந்து பூசை முடிந்ததும், அப்பா உச்சிப்பொழுதில் பூமியைத் தொடக்கூடாது என்றிருக்கிறார். பிறகு எல்லோருக்கும் இலை போட்டுவிட்டார். வடை, பாயசத்தோடு சாப்பாடு. சாப்பிட்டதும் வண்டி ஆட்கள் வேப்பமரத்தடியில் சாய்ந்துவிட்டார்கள். அவர்கள் எழுந்ததும், நீரோட்டம் பார்த்துச் சுண்ணாம்பு போட்ட இடம் சரிதானா என்று சந்தேகமாக இருக்கிறது, இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்றிருக்கிறார். முதலாளியே போனில் வந்து, நான் பார்த்துக் குறித்த நேரத்துக்கு என்ன குறை என்று கேட்டாராம். அப்பா போனை வாங்கி, "உங்களுக்கு அது நல்ல நேரமுங்க, என்ற பூமிக்கு ஆகாதுங்க" என்றாராம். பூமிக்காரர் தன் பூமிக்கு ஆகாது என்று சொல்லிவிட்டால் எங்கள் பக்கம் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். முதலாளியும் போனை வைத்துவிட்டார்.

"காத்தால இருந்து ஒரு வா சோறு திங்கல அந்த மனுசன்," என்றார் அம்மா. வண்டிப்பாதையில் திரும்பியபோது அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. அம்மாவுக்கு எல்லாம் புரிந்துதான் இருந்தது.

தோட்டத்துக்குள் போனோம். வாழைக்கன்று வாடித் தொங்க, வண்டி நின்றிருந்தது. மாஸ்ட் அதன் முதுகில் காலையில் பார்த்தபடியே படுத்திருந்தது. டிரைவர் கயிற்றுக் கட்டிலில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். அப்பா மட்டும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வெயிலில் நின்றிருந்தார், வழியைப் பார்த்தபடி.

மொபெட்டிலிருந்து இறங்கினேன். அப்பா வண்டியைக் கண்ணால் காட்டினார்.

"எருமை இன்னும் படுத்துத்தான் கெடக்குது பாரு அம்மிணி," என்றார்.

நான் என்ன செய்தேன் என்று கேட்டால், திட்டினேன். இப்படியா வெயிலில் நிற்பது, ஊர் என்ன பேசும், வண்டிக்காரர்கள் பொழைப்பு என்ன ஆகும் என்றெல்லாம் கத்தினேன். கத்திக்கொண்டே போய் அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டேன். துண்டில் எருமை வாசமும் வேர்வை வாசமும் அடித்தது. என் அப்பாவை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அன்றைக்கு முன்னால் நான் யோசித்ததே இல்லை.

"எழுதுனியா?" என்று கேட்டார்.

"எழுதிட்டனுங்கப்பா."

அவ்வளவுதான். உடனே அப்பா கையைத் தட்டி எல்லோரையும் எழுப்பினார். வண்டியை எடுக்கச் சொன்னார். சூப்பர்வைசர் அண்ணன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நெளிந்தார். காலையிலிருந்து இந்த மனுஷருக்காக ஒவ்வொரு நேரமாகக் காத்திருந்தவர் அவர்.

"ஏனுங்ண்ணா, இப்பத்தான் எமகண்டம் ஆரம்பிச்சிருக்குதுங்க," என்றார்.

"இருந்துட்டுப் போகுது தம்பி," என்றார் அப்பா. "அம்மிணி வந்துருச்சல்லோ."

அண்ணன் அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் தோளில் தொங்கிய புத்தகப் பையைப் பார்த்தார். அவருக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. தலையில் கையை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். டிரைவர்தான் முதலில் சிரித்தார். அப்புறம் பூசாரி உட்பட எல்லோரும்.

சக்கரத்தில் வைத்த எலுமிச்சம்பழம் நசுங்கியது. நான்கு கால்களையும் ஊன்றினார்கள். சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு நான் லீவர் முன்னால் போய் நின்றேன். நகக்கண்ணில் பேனா மையும் எண்ணெயும் ஒன்றாக இருந்தன. இழுத்தேன். ஹோஸ்கள் லேசாகத் துள்ளி விறைத்தன. மாஸ்ட் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, அப்புறம் மெல்ல மெல்ல எழுந்து, எங்கள் வேப்பமரத்துக்கு மேலே போய் நேராக நின்றது. ஒரு சொட்டுக் கசியவில்லை. அப்பா துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

தண்ணீர் வந்ததா என்று எல்லோரும் கேட்பார்கள். வந்தது. பொழுது சாயும்போது ஈரமண் வந்து, அப்புறம் தண்ணீரும் வந்தது. ஊரை மூழ்கடிக்கிற தண்ணீர் இல்லை, எருமைக்கும் மரவள்ளிக்கும் போதும். ஆனால் எனக்கு அந்த நாளில் மனதில் நிற்பது அதற்கு முந்தின நேரம். கம்ப்ரசர் ஓட ஆரம்பித்துவிட்டது. வெள்ளையாகக் கல்தூசி பறந்தது. அம்மா மிச்சமிருந்த சோற்றை இலையில் போட்டு அப்பாவை மரத்தடியில் உட்கார வைத்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்பா முதல் வாயை வைத்துவிட்டு, என்ன கணக்கு வந்தது என்று கையால் கேட்டார்.

சொன்னேன். அந்தக் கடைசிக் கணக்கை, இரண்டு தடவை தப்பாகப் போட்டதிலிருந்து, ஒரு வரி விடாமல் அவர் காதுப்பக்கம் குனிந்து கத்திக் கத்திச் சொன்னேன். அந்தக் கம்ப்ரசர் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவருக்கு ஒரு வார்த்தை விழுந்திருக்காது. அப்பா ஒவ்வொரு வரிக்கும் தலையை ஆட்டிக்கொண்டே சாப்பிட்டார்.